வீட்டில் கட்டும் விமானம்: சுவிட்ச் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுவிட்ச்சின் உடம்பில் அச்சடித்திருக்கும் ஆம்ப் எண்ணை மட்டும் பார்த்து வாங்குவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி அதிலிருந்துதான் கிளைக்கின்றன. கோலாலம்பூரில் புடு, ஜாலான் பசார் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் சின்ன டாகிள் சுவிட்ச் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் '6 ஆம்ப் 125 வோல்ட் ஏசி, 3 ஆம்ப் 250 வோல்ட் ஏசி' என்றுதான் இருக்கும். டிசி (ஒரே திசையில் பாயும் மின்னோட்டம்) பற்றிப் பேச்சே இருக்காது. ஆனால் உங்கள் விமானத்தில் ஓடப்போவது டிசி.

நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஏசி. அதில் மின்னோட்டம் நொடிக்கு 100 முறை சுழியை (பூஜ்யத்தை) தொடுகிறது. சுவிட்ச்சை அணைக்கும்போது தொடுமுனைகளுக்கு நடுவே எழும் பொறி அந்தச் சுழியிலேயே செத்துவிடும். டிசியில் அப்படி ஒரு கணம் வராது. முனைகள் போதிய தூரம் விலகும்வரை பொறி எரியும். ஒவ்வொரு முறையும் வெள்ளி முனை கொஞ்சம் உருகிக் குழி விழும், கடைசியில் இரண்டும் ஒட்டிக்கொள்ளவும் கூடும். 14 வோல்ட் அமைப்பில் (12 வோல்ட் பேட்டரி உள்ளது) இது அவ்வளவு மோசமில்லை. 28 வோல்ட் என்றால் கடுமை கூடும். டிசி அளவு சுவிட்ச்சின் மேல் இல்லாவிட்டால் தயாரிப்பாளரின் தரவுத்தாளில் தேடுங்கள். அங்கும் இல்லையென்றால் அந்தச் சுவிட்ச் வேண்டாம்.

அடுத்தது, எந்தச் சாதனத்துக்கு என்று பார்க்காமல் ஆம்ப் கணக்குப் போடுவது. அமெரிக்க விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எப்ஏஏவின் 43.13-1பி ஆலோசனைச் சுற்றறிக்கை இதற்கென்றே ஓர் அட்டவணை தருகிறது. சாதனம் வழக்கமாக இழுக்கும் மின்னோட்டத்தை ஒரு காரணியால் பெருக்க வேண்டும். 12 வோல்ட்டில் இழைவிளக்குக்கு 5, ரிலே, சொலனாய்டு போன்ற சுருள்களுக்கு 2, மோட்டாருக்கு 2, ஹீட்டருக்கு 1. 28 வோல்ட்டில் அதே வரிசையில் 8, 4, 3, 2. விளக்குக்கு ஏன் இவ்வளவு பெரிய எண்? குளிர்ந்த இழையின் தடை சூடான இழையின் தடையில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. போட்ட கணத்தில் வழக்கமான மின்னோட்டத்தைப்போல் பத்து மடங்குக்கு மேல் பாயும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 100 வாட் ஹாலஜன் தரையிறங்கு விளக்கு 14 வோல்ட்டில் சுமார் 7 ஆம்ப் இழுக்கும். ஐந்தால் பெருக்கினால் 35 ஆம்ப். '10 ஆம்ப் போதுமே' என்று வாங்கிய டாகிள் இதைத் தாங்காது. 35 ஆம்ப் சுவிட்ச்சைத் தேடி அலைவதைவிட, விளக்குக்குத் தகுந்த ரிலே ஒன்றைப் போட்டு அதன் சுருளை மட்டும் பேனல் சுவிட்ச்சில் இயக்குவது நல்லது. எல்இடிக்கு மாறினால் இன்னும் நல்லது: வெளிச்சத்துக்குக் குறைவில்லை, இழுப்பு மிகக் குறைவு. ஆனால் எல்இடிக்கு மின்சாரம் தரும் டிரைவர் சுற்றின் கெப்பாசிட்டரும் தொடக்கத்தில் ஒரு சிறு பாய்ச்சலை உண்டாக்கும் என்பதால் அதற்கும் தரவுத்தாளைப் பாருங்கள்.

சுருள்களில் ஆபத்து போடும்போது இல்லை, அணைக்கும்போதுதான். ஸ்டார்ட்டர் மோட்டாரை இயக்கும் பெரிய ரிலேயான ஸ்டார்ட்டர் கான்டாக்டரின் சுருள் சில ஆம்ப்தான் இழுக்கும். ஆனால் அணைத்ததும் சுருளில் தேங்கிய ஆற்றல் நூறு வோல்ட்டுக்கும் மேலே எகிறி, பொத்தானின் முனைகளுக்கு நடுவே பொறியாகிறது. ஸ்டார்ட் பொத்தான் அடிக்கடி கெடுகிறது என்றால் முதலில் இங்கே பாருங்கள். மருந்து மலிவு: சுருளின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு. அதன் பட்டை போட்ட முனை பாசிட்டிவ் பக்கம் இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் பொத்தானை அழுத்தியதும் நேர் குறுக்குச் சுற்று, டயோடோ ஃபியூஸோ போய்விடும். பேட்டரியை இணைக்கும் மாஸ்டர் கான்டாக்டருக்கும் இதே டயோடு தேவை.

இரட்டைப் போல் சுவிட்ச்சின் (ஒரே நெம்பில் இயங்கும் இரண்டு தனி ஜோடி முனைகள் கொண்டது) இரண்டு போல்களையும் இணைத்து '10 ஆம்ப், 10 ஆம்ப், மொத்தம் 20' என்று கணக்குப் போடுபவர்கள் உண்டு. இரண்டு ஜோடி முனைகளும் ஒரே கணத்தில் திறப்பதில்லை. கடைசியில் திறக்கும் ஜோடிதான் முழுப் பொறியையும் வாங்கும்.

இதற்கு நேரெதிரான தவறும் இருக்கிறது. மைக் பொத்தான், திரைக்கருவிக்குப் போகும் சிக்னல் போன்ற மில்லிஆம்ப் வேலைக்குப் பெரிய பவர் சுவிட்ச்சைப் போடுவது. வெள்ளி முனைமேல் படியும் கறுப்புப் படலத்தைப் பெரிய மின்னோட்டம் எரித்துத் தள்ளிவிடும், சில மில்லிஆம்பால் அது முடியாது. பினாங்கில் கடலையொட்டிய பாயான் லெப்பாசின் ஈர, உப்புக் காற்றில் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். இத்தகைய சுற்றுகளுக்குத் தங்கப்பூச்சு முனை உள்ளதை வாங்குங்கள். அதையே பெரிய சுமைக்குப் போட்டால் பூச்சு கொஞ்ச நாளில் எரிந்துபோகும்.

என்ஜினின் ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவின் சுவிட்ச் மற்றவற்றுக்குத் தலைகீழ். முனைகள் மூடினால்தான் மேக்னெட்டோ அணையும். மேக்னெட்டோவைச் சுவிட்ச்சோடு இணைக்கும் பி-லீட் கம்பி அறுந்தாலோ முனை பிடிக்காமல் போனாலோ, சுவிட்ச் அணைந்த நிலையில் இருந்தும் மேக்னெட்டோ உயிரோடு இருக்கும், புரொப்பெல்லரைக் கையால் திருப்பினால் என்ஜின் உதைக்கலாம். எஞ்சின் ஐடிலில் (மிகக் குறைந்த வேகத்தில்) இருக்கும்போது ஒரு கணம் இரண்டு மேக்னெட்டோக்களையும் அணைத்து, நிற்கத் தொடங்குகிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான்.

டாகிளை மாட்டும்போது இன்னொரு குழப்பம் வரும். பல டாகிள்களில் நெம்பு மேலே இருந்தால் நடு முனையும் கீழ் முனையும் இணையும். ஊகிக்காமல் மல்டிமீட்டரில் பார்த்துவிட்டு ஒயர் போடுங்கள். சுழலாமல் பிடிக்கும் வாஷரைத் தவிர்க்காதீர்கள். அதிர்வில் உடல் திரும்பினால் பின்னால் உள்ள ஒயர்களும் முறுகும்.

சர்க்யூட் பிரேக்கர் காப்பது ஒயரைத்தான். சரியான பிரேக்கர் இருந்தும் தகுதியில்லாத சுவிட்ச் வெந்துபோகலாம். அதனால் வேலை முடிந்ததும் சாதனத்தை முழுச் சுமையில் ஓடவிட்டு, மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்துச் சுவிட்ச்சின் இரு முனைகளுக்கும் குறுக்கே அளந்து பாருங்கள். 10 ஆம்ப் ஓடும்போது 50 மில்லிவோல்ட் காட்டினால் உள்ளே அரை வாட் வெப்பம். 300 மில்லிவோல்ட் காட்டினால் 3 வாட். அந்தச் சுவிட்ச்சைக் கழற்றிவிடுங்கள். அளவை எழுதி வைத்து ஆண்டுதோறும் ஒப்பிட்டால், சுவிட்ச் சூடாகத் தொடங்கும் முன்பே தெரியும்.