பதுக்கல் பாட்களுக்குப் பொறி வைப்பது எப்படி

2020 செப்டம்பர் 17 அன்று என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3080 கிராபிக்ஸ் கார்டு 699 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. பதுக்கல்காரர்களின் பாட்களும், அதாவது மனிதரைவிட வேகமாகத் தானாகவே ஆர்டர் போடும் நிரல்களும் புகுந்து அள்ளின; சில நிமிடங்களில் ஸ்டாக் தீர்ந்தது. கையோடு மறுவிற்பனை நடக்கும் ஈபே தளத்தில் கொள்ளை விலைக்கு வந்து நின்றது. கடுப்பான சிலர் கார்டின் புகைப்படத்தை மட்டும் அங்கே விற்பனைக்குப் போட்டார்கள். ‘இது வெறும் படம், மனிதர்கள் வாங்க வேண்டாம்’ என்று விவரத்தில் எழுதியும் வைத்தார்கள். பாட் நிரல் விவரத்தைப் படிக்காது என்பது அவர்கள் போட்ட கணக்கு.

கணக்கு சரி, வழிதான் தப்பு. அவசரத்தில் தலைப்பை மட்டும் பார்க்கும் சாதாரண ஆளும் அதில் விழுவார். வாங்கியவர் புகார் செய்தால் ஈபே பெரும்பாலும் அவர் பக்கம்தான் நிற்கும். ஆகவே பொறியை உங்கள் சொந்த இணையக் கடையில் வையுங்கள். பாட் வைத்திருப்பவரின் பணம் நமக்கு வேண்டாம், அவருடைய அடையாளம் போதும்.

பாட் பார்ப்பது மூன்றே விஷயம்: தலைப்பில் உள்ள சொற்கள், விலை, ஸ்டாக் இருக்கிறதா என்பது. ஷாப்பிஃபை என்ற தளத்தில் அமைத்த இணையக் கடைகளில் இம்மூன்றும் ‘புராடக்ட்ஸ் டாட் ஜேசன்’ என்ற பொதுப் பட்டியலில் கிடைக்கும். பாட் சில விநாடிக்கு ஒருமுறை அதைத் துழாவும், பொருந்தும் பொருளின் வேரியன்ட் எண்ணை (ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் கடை தரும் தனி எண்) எடுத்து நேராக வாங்கும் கூடையில் போடும். பொருளின் பக்கத்தைத் திறக்கவே திறக்காது.

அந்தப் பட்டியலில்தான் போலிப் பொருளை வைக்க வேண்டும். உண்மைச் சரக்கு இறங்குவதற்குச் சில நிமிடங்கள் முன்பு, அதே சொற்கள் உள்ள தலைப்பு, அதே விலை, 50 எண்ணிக்கை ஸ்டாக் என்று ஒரு பொருளை வெளியிடுங்கள். மெனு, முகப்பு, கடைக்குள் தேடல், கூகுள் ஷாப்பிங் ஃபீட் (கடையிலிருந்து கூகுளுக்குப் போகும் பொருள் பட்டியல்) என எதிலும் அது தெரியக் கூடாது. பலரும் கோட்டை விடுவது இந்த ஃபீடில்தான். அதன் வழியாக நிஜ வாடிக்கையாளர் வந்து மாட்டிக்கொள்வார். விவரத்தில் ‘சோதனைப் பதிவு, ஆர்டர் ரத்தாகும்’ என்று பளிச்சென எழுதிவிடுங்கள்.

பேமென்ட் அமைப்பில் தானாகப் பணம் எடுப்பதை நிறுத்தி, கைமுறை கேப்சருக்கு, அதாவது நீங்கள் சொன்ன பிறகே பணம் எடுக்கும் முறைக்கு மாற்றுவது கட்டாயம். அப்போது வாங்குபவரின் வங்கிக் கார்டில் தொகை நிறுத்திவைக்கப்படும், எடுக்கப்படாது. ஆர்டரை அன்றே ரத்து செய்யுங்கள். பணத்தை எடுத்துவிட்டுப் பிறகு ரீஃபண்ட் கொடுத்தால் கட்டணமும் உங்கள் தலையில், வாங்கியவர் வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்கும் சார்ஜ்பேக் வம்பும் உங்கள் தலையில்.

விழுந்த ஆர்டர்களின் மின்னஞ்சல், தொலைபேசி, முகவரியைத் தடைப் பட்டியலில் ஏற்றுங்கள். ஒரே வீட்டை 12, 12ஏ, 12 முதல் மாடி என்று மாற்றி மாற்றி எழுதுவது இவர்களின் பழைய வித்தை; கதவு எண்ணின் எண் பகுதியையும் அஞ்சல் குறியீட்டையும் மட்டும் வைத்து ஒப்பிட்டால் வெளிவந்துவிடும். ஆனால் விடுதிகளும் அடுக்ககங்களும் இதில் அநியாயமாகச் சிக்கும், எனவே தொலைபேசி எண்ணோ கார்டின் கடைசி நான்கு இலக்கமோ கூடவே பொருந்தினால் மட்டும் தடை போடுங்கள்.

உண்மைப் பொருளை முன்கூட்டி மறைவாக வெளியிட்டு வைக்காதீர்கள். விற்பனை நேரத்தில் புதிதாக உருவாக்கினால் வேரியன்ட் எண் யாருக்கும் முன்பே தெரியாது.

சொந்தமாக எழுதிய ஆர்டர் படிவம் என்றால், கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்தைச் சேருங்கள். நிரப்பியது யாரோ அது பாட். அந்தக் கட்டத்துக்கு ‘ஈமெயில்’, ‘ஃபோன்’ என்று பெயர் வைத்தால் பிரவுசரே தானாக நிரப்பிவிடும், நல்ல வாடிக்கையாளர் போய்விடுவார். அர்த்தமில்லாத பெயர் வையுங்கள். டேப் விசை அங்கே போகாதபடியும், பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர் அதை வாசிக்காதபடியும் செய்யுங்கள். பிடிபட்டதும் பிழைச் செய்தி காட்ட வேண்டாம், ‘ஆர்டர் பரிசீலனையில்’ என்று மட்டும் காட்டுங்கள். பிழை என்று தெரிந்தால் எதிராளி நிரலைத் திருத்திக்கொண்டு உடனே திரும்பி வருவார்.

விலையாலும் ஏமாற்றலாம். பிரிட்டனின் மின்னணுக் கடையான கரிஸ் பிசி வேர்ல்ட் 2020இல் புதிய கேம் கன்சோல்களின் விலையில் 2,000 பவுண்டு ஏற்றிக் காட்டி, பதிவு செய்திருந்தவர்களுக்கு மட்டும் அதைக் கழிக்கும் தள்ளுபடிக் குறியீட்டை அனுப்பியது. பாட் நிரலில் உச்ச விலை வரம்பு இருந்தால் அது ஒதுங்கிவிடும். குறியீடு ஒவ்வொருவருக்கும் தனியாக, ஒருமுறை மட்டும் செல்லும்படி இருக்கட்டும். எல்லோருக்கும் ஒரே குறியீடு என்றால் பத்து நிமிடத்தில் டிஸ்கார்டு அரட்டைக் குழுக்களில் கிடைக்கும்.

ஈபேயில் பொறிக்கு இடமில்லை. உடனடிப் பணம் கட்டாயம், ஒருவருக்கு ஒன்று என்ற வரம்பு, பணம் கட்டாமல் விட்ட வரலாறு உள்ளவர்களுக்குத் தடை: இந்த மூன்றையும் லிஸ்டிங் போடும் முன்பே அமைத்துவிடுங்கள்.

சரக்கு மிகக் குறைவு என்றால் வேகப் போட்டியையே எடுத்துவிடுவது மேல். 2021 ஜூலையில், ஸ்டீம் என்ற விளையாட்டு விற்பனைத் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனம் தன் கையடக்க விளையாட்டுக் கருவியான ஸ்டீம் டெக்குக்கு 5 டாலர் முன்பணம் கேட்டது. முதல் 48 மணி நேரம், அந்த ஜூன் மாதத்துக்கு முன்பே ஸ்டீமில் ஏதாவது வாங்கியிருந்த கணக்குகளுக்கு மட்டும் வழிவிட்டது. சின்னக் கடையும் இதைச் செய்யலாம்: பழைய ஆர்டர் உள்ள மின்னஞ்சல்களைப் பிரித்தெடுத்து, முதல் நாள் அவர்களுக்கு மட்டும் இணைப்பை அனுப்புங்கள்.