கப்பல் விருந்துக்கு ஆரணிப் பட்டு

சிங்கப்பூரிலிருந்து புறப்படும் சொகுசுக் கப்பலில் செல்வதென்று முடிவானதும், இரவு விருந்துக்கு எதை உடுத்துவது என்ற கேள்விதான் வேலூரில் எங்கள் வீட்டில் முதலில் எழுந்தது. இத்தகைய கப்பல்களில் பெரும்பாலான இரவுகளுக்கு நேர்த்தியான சாதாரண உடையே போதும். ஓரிரு இரவுகளில் மட்டும், பெரும்பாலும் கரை தொடாமல் கடலிலேயே செல்லும் நாட்களில், கோட்டு சூட்டு போன்ற விருந்துடையை எதிர்பார்க்கிறார்கள். கோட்டு தைக்க என் கணவர் தையற்கடை தேடத் தொடங்கியபோது, பல நிறுவனங்கள் அவரவர் மரபுடையையும் அதற்கு இணையாக ஏற்கின்றன என்று படித்தறிந்து, எங்கள் கப்பல் நிறுவனத்திடமும் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

ஆகவே அவருக்குப் பட்டு வேட்டியும் முழுக்கைச் சட்டையும், எனக்கு எடை குறைந்த ஆரணிப் பட்டும் எடுத்து வைத்தேன். நம் பட்டு எந்த விருந்து மண்டபத்திலும் தலைநிமிர்ந்து நிற்கக்கூடியது என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

உண்மையான சிக்கல் இஸ்திரியில் இருந்தது. தீ அபாயம் கருதி, பயணிகள் அறைக்கு இஸ்திரிப் பெட்டி கொண்டுவரப் பெரும்பாலான கப்பல்களில் அனுமதியில்லை. எனவே வீட்டிலேயே இடுப்புக் கொசுவத்தையும் தோள் மடிப்பையும் எடுத்து, ஊக்கு குத்தி, மிதமான சூட்டில் தேய்த்து, மடிப்பு கலையாமல் பழைய பருத்தி வேட்டியில் சுற்றிப் பெட்டியின் மேல்தட்டில் வைத்தேன். விருந்தன்று சேலையைச் சுற்றி, கொசுவத்தைச் செருகி, முந்தானையைத் தோளில் குத்தியதோடு வேலை முடிந்தது.

கப்பல் ஆடும்போது கால் தடுமாறாதிருக்க, குதிகால் உயரமில்லாத ஆம்பூர்த் தோல் காலணி வாங்கினோம். குளிரூட்டிய உணவுக்கூடத்துக்கு ஒரு சால்வையும் எடுத்துச் சென்றேன். மற்ற இரவுகளுக்குப் பருத்திச் சுடிதாரே போதுமானதாக இருந்தது.