வெள்ளவத்தையில் இருந்துகொண்டு டெரெக் ட்ரக்ஸ் ரசிகராவது எப்படி

கொழும்பில் புளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களிடமிருந்து வந்த இசை) கேட்கிற தமிழ் ஆட்களைத் திரட்டினால் 100ஆம் இலக்க பஸ்ஸின் கடைசி சீட்டில் இருத்திவிடலாம், அதிலும் இரண்டு பேருக்கு இடம் மிஞ்சும். அதனால் இந்த வழியில் வருகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கொஞ்சக் காலம் தனியாகத்தான் கேட்க வேண்டியிருக்கும். வீட்டில் "என்ன இது ஒரே இழுவை" என்பார்கள். நண்பர்கள் ஒரு பாட்டைப் பாதி கேட்டுவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவார்கள். பரவாயில்லை.

ஆளைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். டெரெக் ட்ரக்ஸ் ஒரு கிட்டார்காரர், 1979இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஜாக்சன்வில்லில் பிறந்தவர். ஒன்பது வயதில், யாரோ வீட்டு முற்றத்தில் பழைய சாமான் விற்ற இடத்தில் ஐந்து டொலருக்கு ஒரு கிட்டார் வாங்கினார். பதினொரு வயதில் காசுக்கு மேடை ஏறிவிட்டார். சித்தப்பா, பெரியப்பா முறையில் ஒருவர், புட்ச் ட்ரக்ஸ், ஆல்மன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க ரொக் குழுவின் டிரம்ஸ்காரர். 1999இல் இவரும் அதே குழுவில் சேர்ந்து, 2014இல் அது கலைகிற வரைக்கும் வாசித்தார். இடையில் இங்கிலாந்துக் கிட்டார்காரர் எரிக் கிளாப்டனோடு உலகம் சுற்றினார். மனைவி சூசன் டெடெஸ்கி நல்ல பாடகி, நல்ல கிட்டார்காரி, 2010இல் இருந்து இருவரும் சேர்ந்து டெடெஸ்கி ட்ரக்ஸ் பேண்ட் நடத்துகிறார்கள். அந்தக் குழுவின் முதல் ஆல்பமான 'ரெவலேட்டர்' கிராமி வாங்கியது. விருதுக் கதை இத்தோடு போதும்.

இனி எப்படிக் கேட்பது என்ற விஷயத்துக்கு வருவோம். பலர் பிழைவிடுகிற இடம் இதுதான், வேகமான சோலோ எங்கே என்று தேடிப் போகிறார்கள். யூடியூபில் யாரோ "இதுதான் அவருடைய பெரிய சோலோ" என்று வெட்டிப் போட்ட இரண்டு நிமிடத் துண்டைப் பார்த்துவிட்டு, "சரி, நல்லாத்தான் வாசிக்கிறார்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். நாதஸ்வரக் கச்சேரியில் கடைசித் துக்கடாவுக்கு மட்டும் வந்து நின்றுவிட்டுப் போகிற மாதிரித்தான் அது. ஆடிவேல் விழாவில் தேருக்கு முன்னால் நின்று மேளம் கேட்டிருக்கிறீர்களா? அளவெட்டி பத்மநாதனின் பழைய ஒலிப்பதிவு ஏதாவது வீட்டில் ஓடியிருக்கிறதா? அந்தக் காது உங்களிடம் ஏற்கனவே இருக்கிறது. அதைக் கொண்டு கேளுங்கள்.

நான் சொல்கிற ஒழுங்கு இது. 'ரெவலேட்டர்' ஆல்பத்தில் இருக்கும் 'மிட்நைட் இன் ஹார்லெம்' பாட்டை முதலில் கேளுங்கள், இரவில், காதில் ஹெட்ஃபோனோடு, கரையோர ரயில் போய் முடிந்த பிறகு. முதல் தடவை சூசனின் குரலை மட்டும் கேளுங்கள். இரண்டாவது தடவை அந்தக் குரல் நிறுத்துகிற இடங்களில் கிட்டார் என்ன பதில் சொல்கிறது என்று பாருங்கள். பிறகு அதே பாட்டின் மேடை வடிவத்துக்குப் போங்கள், 2012இல் வந்த 'எவ்ரிபடீஸ் டாக்கின்' என்ற நேரடி ஆல்பத்தில் இருக்கிறது. அதில் பாட்டுக்கு முன்னால் ஒரு முன்னுரை வரும், பெயரே 'ஸ்வாம்ப் ராகா', சதுப்புநில ராகம். பெயரைப் பகிடிக்கு வைத்ததாக நினைக்க வேண்டாம். கலிஃபோர்னியாவில், சரோட் என்ற வட இந்தியத் தந்தி வாத்தியத்தின் மேதை அலி அக்பர் கான் நடத்திய இசைக் கல்லூரிக்குப் போய் வகுப்பில் இருந்து கேட்ட ஆள் இவர். அவசரமில்லாமல் ஒரு சுரத்துக்குப் பக்கத்தில் போய் நின்று, தொட்டு, விட்டு, திரும்பவும் தொடுகிற அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அப்போது விளங்கும். 2006இல் வந்த 'சாங்லைன்ஸ்' ஆல்பத்தில் நுஸ்ரத் ஃபதே அலி கானின் கவாலியையே கிட்டாரில் எடுத்து வாசித்திருக்கிறார். மூன்றாவதாக அதைக் கேளுங்கள். அதற்கு முதல் கேட்டால் சிலருக்குப் பிடிபடாது.

கடைசியாகப் பின்னோக்கி ஒரு நடை, 1971இல் ஆல்மன் பிரதர்ஸ் நியூயோர்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் வாசித்த நேரடி ஆல்பம். அதில் ஸ்லைடு (விரலில் குழாய் போட்டுத் தந்தியில் வழுக்கி வாசிக்கிற முறை) வாசிக்கிற டுவேன் ஆல்மன் அதே வருடம் மோட்டார்சைக்கிள் விபத்தில் இறந்துபோனார், வயது 24. டெரெக் பிறக்கவே இன்னும் எட்டு வருடம் இருந்தது. ஆனாலும் டுவேனைக் கேட்காமல் டெரெக்கைக் கேட்பது, தகப்பனைத் தெரியாமல் மகனைப் பார்த்து "மூக்கு யாருடையது" என்று யோசிக்கிற மாதிரி.

என் பெரியப்பாவின் கதையை இங்கே சொல்ல வேண்டும். சரஸ்வதி மண்டபத்தில் கச்சேரி என்றால் முன் வரிசையில் இருக்கிற ஆள், மின்சாரம் போட்டு வாசிக்கிற எதுவும் அவருக்கு இரைச்சல். ஒரு நாள் நான் அறையில் அந்த 'ஸ்வாம்ப் ராகா' முன்னுரையைப் போட்டுவிட்டுக் குசினிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தால் கதவடியில் நிற்கிறார். "ஆர் தம்பி இது? கிட்டாரோ? நான் ஆரோ பாடுறாங்கள் எண்டெல்லோ நினைச்சனான்." அவ்வளவுதான் சொன்னார், பேப்பரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் பத்து வருடமாகத் தேடின விமர்சனம் அது. இந்த ஆளை ரசிக்க ஒரேயொரு திறவுகோல் இருக்கிறதென்றால், அவர் கிட்டார் வாசிக்கிறார் என்பதை மறந்துவிட்டு யாரோ பாடுவதாக எடுத்துக்கொள்வதுதான். எந்த இடத்தில் மூச்சு எடுக்கிறார் என்று பாருங்கள். உண்மையிலேயே எடுப்பார்.

சரி, அது எப்படி முடிகிறது? பெரும்பாலான கிட்டார்காரர்கள் விரலால் தந்தியைக் கட்டையில் அமுக்குகிறார்கள், அதனால் ஒரு கட்டத்தில் இருந்து அடுத்த கட்டத்துக்குப் படியேற வேண்டும். டெரெக் மோதிர விரலில் ஒரு கண்ணாடிக் குழாயைப் போட்டுக்கொண்டு தந்தியின் மேல் வழுக்கிக்கொண்டு போகிறார். படி இல்லை, சரிவு மட்டும்தான். கோட்டுவாத்தியம் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. அந்தக் குழாய் டுவேன் பயன்படுத்திய மாதிரியான மருந்துப் போத்தல், கொரிசிடின் என்ற தடிமன் மாத்திரை வந்த போத்தல். வலது கையில் பிளெக்ட்ரம் (தந்தியை மீட்டுகிற சின்ன வில்லை) கிடையாது, வெறும் விரல்கள். காலடியில் பெரும்பாலும் சத்தத்தை மாற்றுகிற எஃபெக்ட் பெட்டிகளும் கிடையாது, கிப்சன் எஸ்ஜி கிட்டாரில் இருந்து வயர் நேரே ஆம்ப்ளிஃபையருக்குப் போகிறது. ஆளும் அசையமாட்டார், முகத்தைச் சுளிக்கமாட்டார், பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி நின்றுகொண்டு வாசிப்பார்.

தந்திகளைச் சுருதி சேர்ப்பதும் வேறு. திறந்த 'ஈ' சுருதி, தடித்த தந்தியில் இருந்து ஈ, பி, ஈ, ஜி ஷார்ப், பி, ஈ. நம் கணக்கில் ச ப ச க ப ச. எங்கும் விரல் வைக்காமல் ஒரு தட்டுத் தட்டினாலே ஒரு முழு மேஜர் கோர்ட் கேட்கும்.

இப்போது என் அடுத்த ஆலோசனை, இதைக் கேட்டுப் பலர் சிரிப்பார்கள்: ஒரு மாதம் நீங்களும் ஸ்லைடு வாசித்துப் பாருங்கள். நல்லாய் வாசிப்பதற்கு இல்லை. எவ்வளவு மோசமாக வருகிறது என்று தெரிந்த பிறகுதான் அந்த மனிதர் என்ன செய்கிறார் என்று தெரியும். வீட்டில் தூசி படிந்து கிடக்கிற ஏதாவது ஒரு கிட்டார் போதும், எஃகுத் தந்தி போட்டதாக இருக்க வேண்டும், நைலோன் சரிவராது. குழாய்க்கு, நான் முதலில் ஒரு கடையில் வாங்கினது முலாம் பூசின மெல்லிய தகடு, மூன்று கிழமையில் உரிந்து விரல் பச்சையாகிவிட்டது (கடையின் பெயர் வேண்டாம்). அப்புறம் புறக்கோட்டையில் ஒரு இரும்புக்கடையில், நட்டுக் கழற்றுகிற நீளமான சொக்கெட் ஒன்றை விரலில் போட்டுப் பார்த்து வாங்கினேன். கடைக்காரர் என்னை விநோதமாகப் பார்த்தார். பாரமான சாமான், ஆனால் வேலை செய்கிறது. விரலுக்குப் பொருந்துகிற, ஓரம் மழுங்கின சின்ன மருந்துப் போத்தல் கிடைத்தால் இன்னும் நல்லது, கண்ணாடியின் சத்தம் மெதுமையாக இருக்கும்.

மலிவான கிட்டாரில் திறந்த 'ஈ'க்கு மூன்று தந்திகளை மேலே இழுக்க வேண்டும், பழைய கழுத்து வளைந்துவிடும். அதனால் எல்லாவற்றையும் ஒரு முழுச் சுரம் இறக்கித் திறந்த 'டி' வையுங்கள்: டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி. உறவு அதேதான், ச ப ச க ப ச. டெரெக்கின் பாட்டோடு சேர்ந்து வாசிக்க வேண்டுமென்றால் இரண்டாம் கட்டத்தில் ஒரு கேப்போவை (எல்லாத் தந்தியையும் சேர்த்து அமுக்கிப் பிடிக்கிற கவ்வி) போட்டுவிடுங்கள். தந்திகள் கட்டைக்கு மிக அருகில் இருந்தால் கட்டங்களைப் பிரிக்கிற உலோகக் கம்பிகளில் குழாய் இடித்துக் கடகடவென்று சத்தம் வரும், தலைப்பக்கத்தில் தந்திகள் தங்கியிருக்கிற நட்டின் மேல், தந்திகளுக்குக் கீழே, ஒரு சின்னப் பென்சில் துண்டைச் செருகி உயர்த்திக்கொள்ளலாம். பார்க்க வெட்கக்கேடாக இருக்கும். பரவாயில்லை.

குழாயை இரண்டு கம்பிகளுக்கு நடுவில் வைக்கக்கூடாது, நேரே கம்பியின் தலைக்கு மேலே வைக்க வேண்டும், அமுக்கவே கூடாது. குழாய்க்குப் பின்னால் இருக்கிற ஆட்காட்டி விரல் தந்திகளில் லேசாகப் படுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாத் தந்தியும் சேர்ந்து ஊளையிடும். வலது கை விரல்களாலும் வேண்டாத தந்திகளைத் தொட்டு அடக்க வேண்டும். உண்மையில் ஸ்லைடு வாசிப்பில் பாதி, சத்தத்தை நிறுத்துகிற வேலைதான், வெளியில் இருந்து பார்க்கிற யாருக்கும் இது தெரியாது.

ஒரேயொரு பயிற்சி தருகிறேன். கேப்போ இல்லாமல், இரண்டாவது தந்தியில் ஐந்தாம் கட்டம் ஷட்ஜம். எட்டாம் கட்டம் சாதாரண காந்தாரம், ஒன்பதாம் கட்டம் அந்தர காந்தாரம். எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் எங்கேயோ ஒரு இடம் இருக்கிறது, பியானோவில் அதற்குக் கட்டை கிடையாது, புளூஸ் குடியிருக்கிற வீடு அது. முதலில் வாயால் அந்த இடத்தைப் பாடுங்கள், கொஞ்சம் சோகமாக, கொஞ்சம் முறைப்பாடு மாதிரி, பிறகு குழாயால் தேடுங்கள். ஒரு கிழமைக்குப் பிறகு டெரெக்கிடம் திரும்பிப் போனால், ஒரே பாட்டில் அந்தக் காந்தாரத்தை அவர் எத்தனை உயரத்தில் வைக்கிறார் என்று கேட்கத் தொடங்கும். அவர் மோகனத்தில் இருக்கிற மாதிரி இனிமையாகப் போய்க்கொண்டிருந்து சட்டென்று சுத்த தன்யாசிக்குள் கால் வைக்கிற இடங்களும் பிடிபடும். கர்நாடக சங்கீதம் படித்தவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம், ராகம் என்றால் சுரவரிசை மட்டுமா என்று. இல்லைதான். ஒரு கைகாட்டி மரமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ரசிகர் சண்டைகளைப் பற்றிக் கேட்டால், விலகி இருங்கள். ரோலிங் ஸ்டோன் சஞ்சிகை 2011இல் போட்ட நூறு கிட்டார்காரர் பட்டியலில் இவர் 16ஆவது. பதினாறா, ஆறா, அறுபதா என்று இரவிரவாக அடிபட்டு ஒருவரும் ஒரு நல்ல பாட்டைக் கண்டுபிடித்ததில்லை. இன்னொரு புளூஸ் கிட்டார்காரரான ஜோ போனமாசா பெரியவரா, இவர் பெரியவரா என்பதும் அப்படித்தான். இரண்டு பேரையும் கேட்கலாம், காசா கேட்கிறார்கள்.

கொழும்புக்கே உரிய தொல்லை ஒன்று கடற்காற்று. மரைன் டிரைவ் பக்கம் குடியிருந்தால் எஃகுத் தந்தி ஒரு மாதத்தில் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் ஒவ்வொரு தந்தியையும் துடைத்து, கிட்டாரைப் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள், சுவரில் அழகுக்குத் தொங்கவிடாதீர்கள். அமெரிக்காவில் இருந்து யாராவது ஆம்ப்ளிஃபையர் அனுப்பினால் அது 120 வோல்ட், இங்கே 230, டிரான்ஸ்ஃபோர்மர் இல்லாமல் செருகினால் புகைதான் வரும். ஃபிளாட்டில் ஆம்ப் வைத்து வாசிப்பவர்கள் இரவு ஒன்பது மணியோடு நிறுத்துவது நல்லது, மேல் மாடி அன்ரி பொலிசுக்கு எல்லாம் போகமாட்டா, ஆனால் அம்மாவிடம் சொல்லுவா.

நேரில் பார்க்க வேண்டும் என்ற ஆசை கட்டாயம் வரும். டெடெஸ்கி ட்ரக்ஸ் பேண்ட் பல ஆண்டுகள் இலையுதிர் காலத்தில் நியூயோர்க்கில் பீக்கன் தியேட்டரில் தொடர்ந்து பல இரவுகள் வாசித்திருக்கிறது. டொரொன்டோவில் மச்சான், மச்சாள் யாராவது கலியாணத்துக்குக் கூப்பிட்டால், திகதியை அவர்களிடம் கேட்பதற்கு முன்னால் குழுவின் திகதிகளைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அது சரிவராவிட்டால், அவர்கள் இங்கே வரும்போது தந்தியாவது கொண்டுவரச் சொல்லுங்கள். 2022இல் டொலர் ஏறின பிறகு இங்கே தந்தி விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. என்ன தந்தி என்பதைத் தெளிவாக எழுதி அனுப்புங்கள்: எஃகு, ஆக மெல்லிய தந்தியின் தடிப்பு இலக்கம் பதினொன்று அல்லது அதற்கு மேல். நான் "கிட்டார் தந்தி" என்று மட்டும் எழுதினேன். மச்சாள் ஆறு பக்கெட் நைலோன் கொண்டுவந்து, "நல்ல விலையான சாமான்" என்று பெருமையாக மேசையில் வைத்தா. வடையும் டீயும் கொடுத்து நன்றி சொன்னோம்.