ஒஹியவிலிருந்து தியத்தலாவை வரை: பஸ் ஹோர்ன் கேட்காத ஒரு சைக்கிள் பாதை

மலைநாட்டில் நிம்மதியாகச் சைக்கிள் ஓட்ட இடமே இல்லை என்று நினைத்து, வாங்கிய சைக்கிளைக் கொட்டகையில் போட்டு வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஹற்றன் ரோட்டிலும் நுவரெலியா ரோட்டிலும் வளைவுக்கு வளைவு பஸ் முட்டிக்கொண்டு வரும், உண்மைதான். ஒஹியவில் தொடங்கி, காட்டு வழியே பொரலந்தவுக்கு இறங்கி, அப்புத்தளையில் தங்கி, மறுநாள் தியத்தலாவையில் முடிக்கும் பாதை அப்படியில்லை. பெரிய ஏற்றத்தை ரயிலிடம் விட்டுவிடலாம். போய்ச் சேரும் ஊரோ, 1900இல் தென்னாபிரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவந்த போர்க் கைதிகளை அடைத்து வைத்த ஊர்.

பஞ்சர் ஒட்டவும் செயின் மாட்டவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

1. நாளும் நேரமும்

பெப்ரவரி, மார்ச் மாதங்கள் நல்லவை. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை ஊவா பக்கம் மழை பிடித்துக்கொள்ளும், மண்சரிவுப் பயமும் உண்டு. ஏப்ரலில் காலை வெயிலை நம்பிப் போனால் பின்னேரம் இடி மழை. ஜூன் தொடங்கி ஓகஸ்ட் வரை மழை குறைவுதான், ஆனால் அப்புத்தளை மலை முகட்டில் கச்சான் காற்று சைக்கிளைப் பக்கவாட்டில் தள்ளும். பழகாதவர்களுக்கு அந்த மாதங்கள் வேண்டாம்.

சனி, ஞாயிறு, போயா நாட்களைத் தவிர்த்து வார நாளில் போங்கள். நேரம் அதைவிட முக்கியம். எல்ல, அப்புத்தளைப் பக்கத்திலிருந்து ஹோர்டன் சமவெளிக்குப் போகும் வேன்கள் விடியுமுன்பே இதே பாதையில் ஏறிவிடும். அங்குள்ள 'உலக முடிவு' என்ற செங்குத்துப் பாறை விளிம்பை மூடுபனி மறைக்குமுன் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரம் அவர்களுக்கு. அதே வேன்கள் மதியத்துக்குள் திரும்பி இறங்கும். அவை போன பிறகு தொடங்கினால் ரோட்டில் நீங்களும் குரங்குகளும்தான்.

2. சைக்கிளை ரயிலில் ஏற்றுவது

அப்புத்தளையில் ஏறினால் அடுத்தது இதல்கஸ்ஹின்ன, அதற்கடுத்தது ஒஹிய. தூரம் குறைவு, ஏற்றம் அதிகம். சைக்கிளைப் பெட்டிக்குள் நாமே தூக்கி வைக்க முடியாது. பார்சலாகப் பதிந்து, கார்ட் பெட்டியில் ஏற்ற வேண்டும். எந்த ரயிலில் எடுப்பார்கள், அது ஒஹியவில் நிற்குமா என்ற இரண்டையும் முதல் நாளே ஸ்டேஷனுக்கு நேரில் போய்க் கேளுங்கள். மழைக்குப் பிந்திய நாட்களில் பாதை திறந்திருக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.

பதியுமுன் தண்ணீர்ப் போத்தல், லைட், பை எல்லாவற்றையும் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முழக் கயிறும் பழைய டியூப் துண்டும் கொண்டுபோனால், கார்ட் பெட்டியில் சைக்கிளைக் கம்பியோடு சேர்த்துக் கட்டி, கியர் இருக்கும் பக்கத்தைக் கம்பிப் பக்கம் பார்க்க வைக்கலாம். கியர் பக்கத்தில் மரக்கறி மூட்டை சாய்ந்தால் கியர் தாங்கி வளைந்துவிடும். ஒஹியவில் இறங்கியதும் முதல் வேலையாகப் பின் கியர் ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். அங்கே சைக்கிள் கடை கிடையாது.

ரயில் சரிவராவிட்டால் அப்புத்தளையிலேயே ஒரு சின்ன லொறி பிடிக்கலாம். நாலு பேர் சேர்ந்தால் கட்டுப்படியாகும்.

3. பிரேக்: இதைத் தாண்டிப் போகாதீர்கள்

ஒஹிய ஏறக்குறைய 1,770 மீட்டர் உயரம். அங்கிருந்து இறங்கும் ரோடு ஒடுக்கமானது, ஓரம் உடைந்தது, மரநிழலில் எப்போதும் ஈரம். புதிதாக வருபவர்கள் கால் பலத்தைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். இந்தப் பாதையில் கைதான் வலிக்கும்.

வீட்டிலேயே பார்க்க வேண்டியவை: பிரேக் பிடியை முழு பலத்தோடு அழுத்துங்கள். அந்தப் பிடிக்கும் ஹேண்டிலுக்கும் இடையில் இரண்டு விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் கேபிள் தளர்ந்திருக்கிறது. பிடியின் பக்கத்திலுள்ள சிறு திருகை வெளிப்பக்கமாகத் திருப்பி இறுக்குங்கள். அதோடு சரிவராவிட்டால் பிரேக் கட்டையைப் பாருங்கள். கட்டையின் முகத்தில் குறுக்கே பள்ளங்கள் இருக்கும். பள்ளம் தேய்ந்து முகம் வழவழப்பாகிவிட்டால் கட்டை முடிந்தது, மாற்றிவிடுங்கள். பள்ளம் இருந்தாலும் அதற்குள் மின்னும் துகள்கள் குத்தியிருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அது ரிம்மிலிருந்து சுரண்டிய அலுமினியமும் மண்ணும். ஊசி முனையால் கிளறி எடுத்துவிட்டு, கட்டையின் முகத்தை மண்கடதாசியில் இரண்டு இழுப்பு இழுத்தால் பிடிமானம் திரும்ப வரும்.

ஓடும்போது: நனைந்த ரிம்மில் பிரேக் உடனே பிடிக்காது. சக்கரம் சில சுற்று சுற்றித் தண்ணீர் துடைபட்ட பிறகுதான் பிடிக்கும். எனவே வளைவு கண்ணில் பட்டதுமே லேசாகத் தொடுங்கள். வேகத்தை வளைவுக்கு முன் குறையுங்கள், வளைவுக்குள் பிரேக்கை விட்டுவிடுங்கள். ஈர இலையின் மேல் சாய்ந்தபடி முன் பிரேக்கை அமுக்கினால் விழுவது நிச்சயம். நீள இறக்கத்தில் ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டு போகாமல், முன்னையும் பின்னையும் மாறி மாறிப் பிடியுங்கள். ரிம் சூடேறினால் டியூபில் காற்றழுத்தமும் கூடும். இடையிடையே நின்று ஆறவிடுங்கள். டிஸ்க் பிரேக் என்றால் தட்டை விரலால் தொட்டுப் பார்க்க வேண்டாம், தோல் உரிந்துவிடும்.

இந்தப் பாதைக்கு டிஸ்க்தான் வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. நல்ல கட்டை போட்ட சாதாரண ரிம் பிரேக் போதும், பழுதானால் பண்டாரவளையில் எந்தக் கடையிலும் சரிசெய்யலாம். டயர் விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன்: இரண்டு அங்குல அகலம் வேண்டும், காற்று 35–40 பி.எஸ்.ஐ போதும். மெல்லிய ரோட் சைக்கிள் டயரோடு இங்கே வராதீர்கள்.

4. காட்டைப் பார்த்து இறங்குவது

இந்தக் காடு இங்கே மிஞ்சியிருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. கோப்பிக்காக மலையெல்லாம் மொட்டையாகிக்கொண்டிருந்த காலத்தில், 5,000 அடிக்கு மேலுள்ள காட்டை வெட்டாமல் விட வேண்டும் என்று தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1873இல் ஆலோசனை சொன்னார், ஆட்சியும் அதைக் கேட்டது. 5,000 அடி என்றால் ஏறக்குறைய 1,520 மீட்டர். நீங்கள் அந்தக் கோட்டுக்கு மேலே தொடங்கிக் கீழே இறங்குகிறீர்கள். பாசி பிடித்த குட்டை மரங்கள் முடிந்து யூக்கலிப்டஸ் வரும், பிறகு தேயிலையும் மரக்கறித் தோட்டமும். மணமே மாறும்.

வண்டியை நிறுத்திக் காட்டோரம் கால் வைத்தால் அட்டை ஏறும். சப்பாத்தின் மேலும் காலுறையின் மேலும் சவர்க்காரத்தைக் காய்ந்தபடியே தேய்த்துவிடுங்கள். ஏறியதைப் பிய்த்து இழுக்காமல் உப்பு வையுங்கள்.

போன் வரைபடத்தில் குறுக்கு வழிபோலக் காட்டும் கோடுகள் பலவும் கொழுந்து எடுக்கப் போகும் படிக்கட்டுப் பாதைகள். தோட்டத்து ரோடு என்றால் கேட்டில் நிற்கும் காவல்கார அண்ணனிடம் கேட்டுவிட்டுப் போங்கள். "மேல ரோடு உடைஞ்சிருக்கு தம்பி, ஸ்டோர் பக்கமா சுத்திப் போங்க" என்று அவர் சொல்வது எந்த வரைபடத்திலும் இருக்காது.

பொரலந்தவில் ரொட்டியும் கட்டச்சம்பலும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். அங்கிருந்து அப்புத்தளைக்கு ஏற்றம் இருக்கிறது. தள்ளிக்கொண்டு போவதில் வெட்கம் எதுவும் இல்லை.

5. இரண்டாம் நாள்: தங்கமலையும் தியத்தலாவையும்

அப்புத்தளையிலிருந்து அதிசம் பங்களாவுக்குப் போகும் ரோட்டை விடியற்காலையில் ஓட்டுங்கள். 1931இல் சேர் தோமஸ் வில்லியர்ஸ் கட்டிய கல்வீடு அது, இப்போது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். சனி, ஞாயிறு, போயா, பள்ளி விடுமுறை நாட்களில்தான் உள்ளே விடுவார்கள். வார நாளில் போகச் சொன்னது நான்தான், ஆனால் அங்கே எனக்குப் பிடித்தது பங்களா அல்ல, பக்கத்திலுள்ள தங்கமலைச் சரணாலயக் காடு. அந்த ஒற்றையடிப் பாதையில் சைக்கிளைக் கொண்டுபோகாமல் நடந்து போங்கள்.

அப்புத்தளையிலிருந்து தியத்தலாவைக்கு இறங்க ஏ-16 பிரதான வீதியில் கொஞ்சத் தூரம் போயே ஆக வேண்டும். இந்தப் பயணத்தில் வாகனம் அதிகமுள்ள துண்டு இதுதான். பின்னால் சிவப்பு லைட் எரியட்டும்.

இறங்க இறங்க மூடுபனி குறைந்து, புல்வெளி மொட்டை மேடுகள் விரியும். தென்னாபிரிக்கப் போரில் பிரிட்டிஷாரிடம் பிடிபட்ட போயர்களில் (டச்சு வழிவந்த வெள்ளைக் குடியேறிகள்) ஏறக்குறைய 5,000 பேரை 1900 ஓகஸ்டிலிருந்து இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய பிரதான முகாம் இங்கேதான். குளிர்ந்த காற்று, திறந்த வெளி, 1894இல் பண்டாரவளை வரை வந்துவிட்ட ரயில் எல்லாம் ஒரே இடத்தில் அமைந்திருந்தன. முள்வேலிக்குள் தகரக் கொட்டகை வரிசைகள். நெருப்புக் காய்ச்சல் பரவிப் பலர் இறந்தார்கள். உயிரோடிருந்தவர்கள் மரத்தில் பொம்மையும் பெட்டியும் செதுக்கி விற்றார்கள். 1902இல் போர் முடிந்து, பிரிட்டிஷ் முடிக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்தவர்கள் ஊர் திரும்பினார்கள். எடுக்க மறுத்த எங்கல்பிரெக்ட் என்பவர் இங்கேயே தங்கி, பின்னர் யால சரணாலயத்தின் முதல் காவலரானார்.

இரண்டு உலகப் போர்களிலும் இலங்கையிலிருந்த ஜெர்மானியர்களை இங்கே அடைத்தார்கள். ஜெர்மனியில் பிறந்த பௌத்த துறவி ஞானதிலோக தேரர் இரண்டு முறையும் இதே ஊரில் கைதியாக இருந்தார். 1914இல் ஒரு முறை, 1939இல் மறு முறை.

போயர் கைதிகளுக்குத் தியத்தலாவையில் நினைவுக்கல் இருக்கிறது. அவர்களை ஏற்றி வந்த ரயில் பாதைக்காக மலையை வெட்டிய நம் ஆட்களுக்கு அப்படியொரு கல்லை நான் எங்கும் பார்த்ததில்லை. ஒவ்வொரு முறையும் அங்கே நிற்கும்போது அது மனதை அறுக்கும்.

இன்றும் தியத்தலாவை இராணுவ ஊர். பயிற்சி நிலங்களுக்குள் சைக்கிளை விடாதீர்கள், முகாம் பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள். நினைவுக்கல்லுக்குப் போகவும் முதலில் வாயிலில் நிற்பவரிடம் அனுமதி கேளுங்கள். திரும்புவதற்குத் தியத்தலாவை ஸ்டேஷனிலேயே ரயில் உண்டு, அதே பார்சல் முறை.

பின்சேர்க்கை

இதைப் படித்த ஒரு தங்கச்சி, பெண்கள் தனியாகப் போகலாமா என்று கேட்டிருந்தார். ஒஹிய–பொரலந்த துண்டில் நீண்ட தூரத்துக்கு வீடு இல்லை, சிக்னலும் விட்டு விட்டுத்தான் வரும். ஆணோ பெண்ணோ, முதல் முறை இரண்டு பேராகப் போங்கள், எத்தனை மணிக்குப் பொரலந்தவில் இருப்போம் என்று வீட்டில் சொல்லி வையுங்கள்.

பிள்ளையைப் பின் சீட்டில் வைத்துப் போகலாமா என்று இன்னொருவர் கேட்டார். ஒஹிய இறக்கத்தில் வேண்டாம். பாரம் கூடினால் பிரேக் அதைவிட வேகமாகச் சூடேறும். பிள்ளைகளோடு என்றால் அப்புத்தளையில் தங்கி, அதிசம் ரோட்டில் மட்டும் ஓட்டிவிட்டு வாருங்கள்.