கடைசிப் போரைப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டுவது எப்படி

‘கடைசிப் போர்’ (The Last Battle, 1956) சி. எஸ். லூயிஸ் எழுதிய நார்னியா சிறுவர் கதை வரிசையின் 7ஆவது, கடைசிப் புத்தகம். அதை இரவில் தொடங்காதீர்கள். நான் மகளுக்கு ஞாயிறு பின்னேரம், மாமரத்தடியில் கதிரை போட்டு, தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தேன். முதலில் நல்லூர்ச் சூரன் போரை நினைவூட்டுங்கள். தலை மாற்றி மாற்றி வரும் சூரன், மாமரமாகவும் நிற்பான். வேல் பிளக்க மயிலும் சேவலுமாவான். தீமை வேடம் போடும் என்பது பிள்ளைக்கு உடனே விளங்கும். சரி, இங்கே ஒரு குரங்கு கழுதைக்குச் சிங்கத்தோலைப் போர்த்துகிறது. கழுதையின் பேச்சை மெதுவாக, தணிந்த குரலில் வாசியுங்கள். பாவம், அது கெட்டதல்ல. அந்த இடத்தில் மகள் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். சண்டையை வேகமாகக் கடக்கலாம். நட்சத்திரங்கள் விழும் பக்கத்தில் நிறுத்துங்கள். தேத்தண்ணி குடித்து, கேட்பதற்கெல்லாம் பதில் சொன்ன பிறகுதான் அடுத்த பக்கம்.