எம்எம்ஏ போட்டிக்கு எந்தக் கலையில் தொடங்குவது? புதியவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

ஒரு முறையாவது எம்எம்ஏ, அதாவது பல தற்காப்புக் கலைகள் கலந்த சண்டைப் போட்டியின், கூண்டுக்குள் இறங்கிப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் முதலில் மாட்டிக்கொள்வது ஒரே கேள்வியில்தான்: பாக்ஸிங்கா, தாய்லாந்தின் முவாய் தாயா, தரையில் பிடி போடும் ஜியு-ஜிட்சுவா, எதில் சேர்வது? யாரிடம் கேட்டாலும் அவரவர் கற்றதற்குக் கொடி பிடிப்பார்கள். நானும் கொடி பிடிக்கத்தான் போகிறேன், மல்யுத்தத்துக்கு. ஆனால் அது உங்களுக்குக் கிடைக்காவிட்டால் என்ன செய்வது, எதோடு எதைச் சேர்ப்பது, எந்த வரிசையில் போவது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். உடம்பைக் கட்டுக்கோப்பாக வைத்துக்கொள்ள மட்டும் பயிற்சி செய்பவர்களுக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை, பிடித்த வகுப்பில் சேர்ந்துவிடலாம்.

படி 1: சண்டை எங்கெல்லாம் நடக்கிறது என்று பாருங்கள்

எம்எம்ஏ-யில் தொழில்முறை ரவுண்டு ஒன்று ஐந்து நிமிடம். அதற்குள் சண்டை மூன்று இடங்களுக்கு மாறி மாறிப் போகும். எட்ட நின்று குத்துவதும் உதைப்பதும் ஒன்று. உடம்போடு உடம்பு ஒட்டி நின்று, கழுத்தைப் பிடித்து முட்டியால், அதாவது முழங்காலால், இடிப்பது, கூண்டின் வலையோடு சேர்த்து அழுத்துவது, தூக்கிக் கீழே போடுவது எல்லாம் இரண்டாவது, இதற்குக் கிளிஞ்ச் என்று பெயர். மூன்றாவது தரை. மேலே இருப்பவர் குத்துவார், கீழே இருப்பவர் எழுந்திருக்கவோ கழுத்தை நெரிக்கவோ கையை முறுக்கவோ பார்ப்பார்.

எந்தக் கலையும் இந்த மூன்றையும் முழுதாகச் சொல்லித் தருவதில்லை. பாக்ஸிங் சொல்லித் தருவது எட்ட நிற்பதை, அதுவும் கைகளை மட்டும். முவாய் தாய் எட்ட நிற்பதையும் கிளிஞ்சையும். மல்யுத்தமும் ஜூடோவும் கிளிஞ்சிலிருந்து தரை வரை. பிரேசிலியன் ஜியு-ஜிட்சு பெரும்பாலும் தரை. ஆகவே நீங்கள் ஒரு கலையைத் தேர்ந்தெடுக்கும்போதே எந்த ஓட்டையோடு வாழப் போகிறீர்கள் என்பதையும் தேர்ந்தெடுத்துவிடுகிறீர்கள்.

இந்தப் பாடம் இந்த விளையாட்டு பிறந்த நாளிலேயே நடத்தப்பட்டுவிட்டது. 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்த, இன்று எம்எம்ஏ-யின் மிகப் பெரிய அமைப்பான யுஎஃப்சி-யின் முதல் போட்டியில் எட்டுப் பேர் மோதினார்கள். ஆர்ட் ஜிம்மர்சன் என்ற பாக்ஸர் ஒரு கையில் மட்டும் பாக்ஸிங் கையுறை மாட்டிக்கொண்டு வந்தார். ஜியு-ஜிட்சு வீரரான ராய்ஸ் கிரேசி அவரைத் தரையில் தள்ளி மேலே ஏறி உட்கார்ந்ததும், எந்தப் பிடியும் இறுகுவதற்கு முன்பே, தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். ஜியு-ஜிட்சு மட்டும் போதும் போலிருக்கிறது என்று பலரும் நினைத்தார்கள். அப்புறம் 1996-இல் மார்க் கோல்மன் என்ற மல்யுத்த வீரர் வந்து, எதிராளிகளைத் தள்ளி மேலேயே இருந்து குத்தித் தீர்த்தார். 1997-இல் மோரிஸ் ஸ்மித் என்ற கிக்பாக்ஸர் அதே கோல்மனைத் தோற்கடித்தார். தரையில் எப்படித் தாக்குப்பிடிப்பது, எப்படி எழுந்திருப்பது என்பதைத் தெரிந்துகொண்டு வந்திருந்தார், கோல்மனுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியதும் தன் ஆட்டத்தை நின்றபடி ஆடினார்.

இதிலிருந்துதான் என் மல்யுத்தச் சாய்வு வருகிறது. யாருக்கு எந்த இடத்தில் திறமை அதிகம் என்பதற்கு முன்னால், சண்டை எங்கே நடக்க வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார் என்ற கேள்வி இருக்கிறது. ஜேம்ஸ் டோனி பல எடைப் பிரிவுகளில் உலக சாம்பியனாக இருந்த பாக்ஸர். 2010-இல் யுஎஃப்சி-யில் கிரேக்க-ரோமன் மல்யுத்தத்திலிருந்து வந்த ராண்டி கூட்டுரை எதிர்த்து மோதினார். தொடங்கிய சிறிது நேரத்திலேயே கூட்டுர் காலைப் பிடித்துக் கீழே சாய்த்துவிட்டார், முதல் ரவுண்டிலேயே கழுத்துப் பிடியில் கதை முடிந்தது. டோனியின் குத்துகளுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. தள்ளத் தெரிந்தவரும், தள்ளவிடாமல் நிற்கத் தெரிந்தவரும்தான் இடத்தை முடிவு செய்வார்கள். இரண்டையும் தருவது மல்யுத்தம்.

படி 2: கலையின் பெயருக்கு முன்னால் ஜிம்மைப் பாருங்கள்

இதைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். உங்கள் பக்கத்தில் இருக்கும் நல்ல ஜூடோ வகுப்பு, தொலைவில் இருக்கும் சுமாரான மல்யுத்த வகுப்பைவிட ஆயிரம் மடங்கு மேல். வாரத்துக்கு நான்கு முறை போக முடியாத இடம் எவ்வளவு பெரிய ஜிம்மாக இருந்தும் பயனில்லை.

சேர்வதற்கு முன் ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பார்க்கக் கேளுங்கள். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: எதிர்ப்புக் காட்டும் ஒருவரோடு பயிற்சி நடக்கிறதா? 1882-இல் ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ, இருவரும் உண்மையாகவே ஒருவரையொருவர் வீழ்த்த முயலும் ராண்டோரி என்ற பயிற்சியை மையத்தில் வைத்தார். எம்எம்ஏ-யில் எடுபடும் எல்லாக் கலைகளிலும் இது ஏதோ ஒரு பெயரில் இருக்கிறது. ஒருவர் கையை நீட்டிக்கொண்டு சிலை மாதிரி நிற்க, மற்றவர் அதைப் பிடித்து அழகாக முறுக்கிக் காட்டுவதோடு வகுப்பு முடிந்துவிட்டால், அது போட்டிக்கான இடமில்லை.

ஸ்பாரிங், அதாவது பயிற்சிச் சண்டை, நடக்கும்போது கோச்சின் முகத்தையும் பாருங்கள். புதிதாக வந்த ஒருவர் வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருக்கும்போது அவர் நடுவில் புகுந்து வேகத்தைக் குறைக்கச் சொல்கிறாரா, சிரித்துக்கொண்டு நிற்கிறாரா? இரண்டாவது வகை என்றால் வேறு ஜிம் பாருங்கள். அங்கே போட்டிக்குத் தயாராவதற்கு முன்பே தலையில் அடி வாங்கித் தேய்ந்துபோவீர்கள். அங்கிருந்து யாராவது அமெச்சூர் போட்டிகளுக்குப் போகிறார்களா என்றும் கேளுங்கள். போகிறார்கள் என்றால் உங்கள் எடையில் துணைக்கு ஆள் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

படி 3: அடித்தளமாக ஒரு கலையைத் தேர்ந்தெடுங்கள்

மல்யுத்தம் கிடைத்தால் அதையே எடுங்கள். ஒரு காட்சியைச் சொன்னால் காரணம் புரியும். பாக்ஸிங் மட்டும் கற்றவர் ஒரு குத்து விடுகிறார். எதிராளி அதற்கு அடியில் குனிந்து, முழங்காலை மடக்கி உள்ளே நுழைந்து, தலையை விலாவோடு ஒட்டி, இரண்டு கைகளையும் தொடைகளுக்குப் பின்னால் கொண்டுபோகிறார். பாக்ஸர் பழக்கதோஷத்தில் அவர் தலையைக் கீழே அழுத்துகிறார், ஆனால் அவருடைய கால்கள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன, இடுப்பும் நேராக இருக்கிறது. அவ்வளவுதான், மல்லாக்க விழுந்துவிட்டார். மல்யுத்தம் தெரிந்தவர் அதே கணத்தில் இரண்டு கால்களையும் பின்னால் வீசி, தன் இடுப்பை எதிராளியின் தோள்மேல் போட்டு முழு எடையோடு அழுத்துவார். இதுதான் ஸ்ப்ரால். இதைப் புத்தகத்தில் படித்துக் கற்க முடியாது. ஆயிரக்கணக்கான முறை யாராவது உங்கள் காலைக் குறிவைத்து வந்தால்தான் இடுப்பு தானாகப் பின்னால் போகும்.

சின்ன வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டுமோ என்று தயங்க வேண்டாம். ஜார்ஜ் செயின்ட்-பியர் சிறுவயதில் கற்றது கியோகுஷின் கராத்தே, பள்ளி மல்யுத்தப் பின்னணி அவருக்குக் கிடையாது. ஆனாலும் மல்யுத்த வீரர்களையே தரையில் தள்ளிய சாம்பியனாக ஆனார்.

மல்யுத்தத்திலும் மறக்க வேண்டியவை உண்டு. தோள் தரையில் படாமல் இருக்கக் குப்புறத் திரும்புவது மல்யுத்தத்தில் சரியான பழக்கம். எம்எம்ஏ-யில் அப்படித் திரும்பினால் முதுகைக் கொடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம், பின்னாலிருந்து கை கழுத்தைச் சுற்றும். தலையை வெளிப்பக்கம் வைத்துக் காலுக்குப் பாய்ந்தாலும் கில்லட்டின் என்ற, முன்னாலிருந்து நெரிக்கும் பிடியில் கழுத்து மாட்டும். ஆகவே மல்யுத்தத்தோடு கொஞ்சம் ஜியு-ஜிட்சு கட்டாயம்.

மல்யுத்தம் இல்லை, ஜியு-ஜிட்சுதான் இருக்கிறது என்றால் தாராளமாகத் தொடங்கலாம். அங்கியில்லாத வகுப்பை, அதாவது நோ-கி வகுப்பை, கேட்டுச் சேருங்கள். கூண்டுக்குள் பிடித்து இழுக்கச் சட்டைக் கையே இருக்காது. நீங்களாகவே கீழே உட்கார்ந்து எதிராளியைக் கால்களுக்கு நடுவே இழுத்துக்கொள்ளும் பழக்கத்தை மட்டும் தொடக்கத்திலேயே விட்டுவிடுங்கள். ஜியு-ஜிட்சு போட்டியில் அது செல்லும், இங்கே மேலே இருப்பவர் முகத்தில் குத்துவார். நின்ற நிலையிலிருந்து தொடங்கும் சுற்றுகளுக்கு யாராவது தயாரா என்று ஒவ்வொரு வகுப்பிலும் கேளுங்கள், பாதிப் பேர் நழுவுவார்கள், பரவாயில்லை.

ஜூடோவில் வீச்சுகள் அருமையாக வரும். ரோண்டா ரௌஸி 2008 ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற ஜூடோ வீராங்கனை, அதையும் கை முறுக்குப் பிடியையும் வைத்தே யுஎஃப்சி சாம்பியன் ஆனவர். 2015-இல் பாக்ஸிங்கிலிருந்து வந்த ஹாலி ஹோமிடம் நெருங்கவே முடியாமல் திணறி, கடைசியில் தலையில் உதை வாங்கி வீழ்ந்தார். நெருங்குவதற்கும் குத்துச்சண்டை தெரிய வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. சர்வதேச ஜூடோ விதிகளில் காலைக் கையால் பிடிப்பது 2010-களில் தடை செய்யப்பட்டது என்பதால், காலைப் பிடித்துக் கீழே சாய்க்கும் டேக்டவுன்களை நீங்கள் தனியாகக் கற்க வேண்டியிருக்கும்.

ரஷ்யாவில் பிறந்த சாம்போ கிடைக்கும் இடத்தில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். காம்பாட் சாம்போவில் குத்து, உதை, வீச்சு, பிடி எல்லாம் உண்டு. 29 சண்டைகளில் ஒன்றிலும் தோற்காமல் 2020-இல் ஓய்வை அறிவித்த கபீப் நுர்மகமேதோவ் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்தான்.

படி 4: நின்று அடிக்க ஒன்றைச் சேருங்கள்

பாக்ஸிங்கா முவாய் தாயா என்ற சண்டை முடியவே முடியாது. என்னைக் கேட்டால் புதியவருக்கு முவாய் தாய், ஏனென்றால் உதை, முட்டி, முழங்கை, கிளிஞ்ச் எல்லாவற்றோடும் முதல் நாளிலிருந்தே பழக்கம் வந்துவிடும். அதன் நிமிர்ந்த நிலைதான் சிக்கல். உதைத்த காலை எதிராளி பிடித்துவிட்டால் நீங்கள் ஒற்றைக் காலில் நிற்பீர்கள், மல்யுத்த வீரருக்கு அது போதும். ஆகவே எம்எம்ஏ-யில் கொஞ்சம் தாழ்ந்து நிற்க வேண்டும்.

பாக்ஸிங்கில் கைவேகமும் தலை அசைவும் கால் நகர்வும் வேறெங்கும் கிடைக்காத அளவுக்கு நுணுக்கமாக வரும். ஆனால் இடுப்பில் வளைந்து தலையைத் தாழ்த்தினால் முட்டி காத்திருக்கும். முன்காலில் எடையைப் போட்டு நின்றால் கெண்டைக்காலில் உதை விழும், நான்கைந்து விழுந்ததும் நடப்பதே கஷ்டம். இன்னொன்று கையுறை. ஸ்பாரிங்கில் 16 அவுன்ஸ் கையுறைக்குப் பின்னால் முகத்தை ஒளித்துப் பழகியவர்கள், எம்எம்ஏ-யின் 4 அவுன்ஸ் கையுறையில் அதையே செய்தால் இடைவெளியில் குத்துகள் புகுந்து வரும்.

கராத்தே, டேக்வாண்டோ கற்றவர்கள் அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. தூரத்தை அளப்பதிலும் சட்டென்று உள்ளே போய் வெளியே வருவதிலும் அவர்களுக்கு ஒரு பிடி கூடுதல். லியோட்டோ மச்சிடா ஷோட்டோகான் கராத்தேவை வைத்து 2009-இல் யுஎஃப்சி சாம்பியன் ஆனார். ஒலிம்பிக் டேக்வாண்டோவில் முகத்தில் குத்த அனுமதி இல்லாததால் கைகள் கீழேயே தொங்கும், அதை மட்டும் ஒரு பாக்ஸிங் கோச்சிடம் கொடுத்துச் சரி செய்யுங்கள்.

படி 5: வாரத்தை இப்படிப் பிரியுங்கள்

அகலக்கால் வைக்காதீர்கள். ஒரே மாதத்தில் நான்கு கலைகளில் சேர்ந்தால் நான்கும் அரைகுறையாகவே நிற்கும். முதல் ஆறு மாதம் இரண்டே இரண்டு: பிடிச்சண்டைக்கு ஒன்று, நின்று அடிக்க ஒன்று. வாரத்தில் மூன்று நாள் அடித்தளக் கலை, இரண்டு நாள் மற்றது. உடம்பு தாங்கவில்லை என்றால் இரண்டும் இரண்டுமாகக் குறைத்துக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகு எம்எம்ஏ என்றே நடக்கும் வகுப்பில் வாரம் ஒரு நாள் சேருங்கள். குத்தைக் காட்டிக் காலுக்குப் போவது, கூண்டின் வலையில் முதுகைச் சாய்த்து எழுந்திருப்பது, மேலே உட்கார்ந்து நிலை தவறாமல் குத்துவது, இவை தனித்தனி வகுப்புகளில் வராது. பாக்ஸிங் கோச் காலைப் பற்றிக் கவலைப்பட மாட்டார், ஜியு-ஜிட்சு மாஸ்டர் குத்தைப் பற்றிக் கவலைப்பட மாட்டார். தரையில் குத்துவதை மல்யுத்தத்திலிருந்து வருபவர்கள் குறிப்பாகப் பழக வேண்டும். இப்போதைய பொதுவிதிகளின்படி நடுவர்கள் முதலில் பார்ப்பது பலன் தரும் தாக்குதலையும் பிடிச்சண்டையையும்தான், எதிராளியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு சும்மா படுத்திருந்தால் ரவுண்டு கைக்கு வராது.

கடுமையான ஸ்பாரிங்கை வாரா வாரம் செய்ய வேண்டாம். தலையில் பலமாக அடி பட்டுத் தலைவலியோ குமட்டலோ வந்தால் அன்றோடு நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள், அவர் சரி என்று சொல்லும் வரை ஸ்பாரிங் கிடையாது.

படி 6: முதல் போட்டியை எம்எம்ஏ-வாக வைக்காதீர்கள்

முதலில் ஒரு ஜியு-ஜிட்சு அல்லது மல்யுத்தப் போட்டி. தோற்றாலும் உடம்பு முழுதாகத் திரும்பும், முன்பின் தெரியாத ஒருவர் முழு பலத்தோடு இழுக்கும்போது உங்கள் மூச்சு எவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்பதும் தெரியும். அடுத்து ஒரு அமெச்சூர் பாக்ஸிங் அல்லது கிக்பாக்ஸிங். அதற்கப்புறம் அமெச்சூர் எம்எம்ஏ.

பதிவு செய்யும் முன் அந்தப் போட்டியின் விதிகளை முழுதாகப் படியுங்கள், இடத்துக்கு இடம் மாறும். அமெச்சூர் போட்டிகள் பலவற்றில் முழங்கைத் தாக்குதல் கிடையாது, ரவுண்டு மூன்று நிமிடம்தான், கணைக்கால் கவசம் கட்டாயமாக இருக்கலாம். குதிகாலை முறுக்கும் பிடி அனுமதியா, தலையில் முட்டியால் இடிக்கலாமா என்று கோச்சோடு உட்கார்ந்து பாருங்கள். உங்கள் ஆட்டமே முழங்கையை நம்பித்தான் என்றால் அந்தப் போட்டிக்கு வேறு திட்டம் வேண்டும்.

எடை பார்ப்பது போட்டி நாளிலா முந்தைய நாளிலா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். எதுவானாலும் முதல் போட்டிக்குத் தண்ணீரை நிறுத்தி எடையைக் குறைக்கும் வேலையில் இறங்க வேண்டாம். வழக்கமாக நீங்கள் இருக்கும் எடைக்கு எந்தப் பிரிவு பக்கத்தில் வருகிறதோ அதிலேயே பெயர் கொடுங்கள்.