காம்பு வெடிப்புக்கு லேசர்: பலனைக் கெடுக்கும் தவறுகள்

குழந்தையை மார்பருகே கொண்டுவரும்போதே தோள்கள் இறுகுகின்றன, கால்விரல்கள் மடங்குகின்றன. காம்பு வெடித்த தாய்க்கு ஒவ்வொரு பால் நேரமும் இப்படித்தான் வருகிறது. அவளிடம் போய் “எல்லோருக்கும் வலிக்கும், பொறுத்துக்கொள்” என்று சொல்வது எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. முதல் சில நாட்களில், குழந்தை வாய் வைத்த அரை நிமிடத்துக்குக் கூச்சம் இருக்கலாம். தோல் பிளப்பதும் ரத்தம் கசிவதும் பொறுத்துக்கொள்ள வேண்டியவை அல்ல.

இந்தப் புண்ணுக்குக் குறைந்த ஆற்றல் லேசர் சிகிச்சை தரப்படுகிறது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். இந்த லேசர் வெட்டுவதும் இல்லை, சுடுவதும் இல்லை. பெரும்பாலும் 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளியைச் சிறிது நேரம் புண்ணின் மேல் பாய்ச்சுவார்கள். உயிரணுக்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா இந்த ஒளியை உள்வாங்குவதால் அழற்சி தணிகிறது, தோல் விரைவாகக் கூடுகிறது என்று விளக்குகிறார்கள். நல்ல துணைதான். ஆனால் அதைத் தவறாகப் பயன்படுத்தி, “லேசர் வைத்தும் வலி போகவில்லை” என்று மனம் உடைந்து பாலூட்டலையே நிறுத்திவிடுகிறார்களே, அதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, புண்ணுக்கு மட்டும் ஒளி காட்டிவிட்டு, புண்ணை உண்டாக்கிய காரணத்தை அப்படியே விட்டுவிடுவது. பெரும்பாலான வெடிப்புகளுக்குக் காரணம் குழந்தையின் வாய்ப் பிடிப்பு. பால் குடித்து முடித்துக் குழந்தை வாயை எடுத்ததும் காம்பைப் பாருங்கள். உருண்டையாக இருந்தால் நல்லது. ஒரு பக்கம் நசுங்கி, சாய்வாகச் சீவியதுபோல் இருந்தாலோ, நுனியில் வெள்ளைக் கோடு தெரிந்தாலோ, குழந்தை காம்பை மட்டும் கவ்வி அண்ணத்தில் அழுத்திக் குடித்திருக்கிறது என்று பொருள். காலையில் லேசர் வைத்து, அன்றைக்கே எட்டுப் பத்து முறை அதே இடம் மீண்டும் நசுங்கினால் புண் எப்படி ஆறும்?

பிடிப்பைச் சரிசெய்வது சின்னச் சின்ன அசைவுகளில் இருக்கிறது. குழந்தையின் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்கட்டும். காம்பு அதன் மூக்குக்கு நேராக இருக்கட்டும். கொட்டாவி விடுவதுபோல் வாய் அகலத் திறக்கும்வரை காத்திருந்து, அப்போது குழந்தையை மார்புக்குக் கொண்டுவர வேண்டும். மார்பைக் குழந்தையிடம் குனிந்து கொண்டுபோகக் கூடாது. கீழுதடு வெளியே மடிந்து, முகவாய் மார்பில் பதிந்திருந்தால் பிடிப்பு சரி. வலித்தால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். சுண்டு விரலைக் குழந்தையின் கடைவாயில் நுழைத்து உறிஞ்சலைத் தளர்த்திவிட்டு, மறுபடி தொடங்குங்கள். இத்தனை செய்தும் சரிவராவிட்டால், நாக்கின் அடியில் உள்ள சவ்வு நாக்கைக் கட்டிப் பிடித்திருக்கிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். பம்ப் பயன்படுத்துபவர்கள் அதன் புனல் அளவையும் உறிஞ்சும் விசையையும் சரிபார்க்க வேண்டும்.

அடுத்து, ஒரே முறையில் தீர்வு எதிர்பார்ப்பது. பிரேசிலில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், தொடக்கத்திலும் 24 மணி நேரத்திலும் 48 மணி நேரத்திலுமாக மூன்று முறை லேசர் பெற்ற தாய்மாருக்கு வலி குறைந்தது. ஒரே ஒரு முறை ஒளி பாய்ச்சிப் பார்த்து 2020இல் வெளியான ஆய்வில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அலைநீளம், ஒளியின் அளவு, எத்தனை முறை என்பவை இடத்துக்கு இடம் மாறுகின்றன. ஆகவே எத்தனை அமர்வுகள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். “இரண்டு மடங்கு நேரம் வையுங்கள், சீக்கிரம் ஆறட்டும்” என்று வற்புறுத்தவும் வேண்டாம். இந்த ஒளி அளவு மிஞ்சினால் பலன் கூடாது, குறையவும் கூடும்.

முடி நீக்கும் லேசரையோ, கடையில் கிடைக்கும் சிவப்பு ஒளிப் பேனாவையோ வைத்து வீட்டில் முயல்வது ஆபத்து. கண் பாதுகாப்பில் அலட்சியமும் அப்படியே. கருவி இயங்கும்போது தாயும் சிகிச்சை தருபவரும் அதற்குரிய கண்ணாடி அணிய வேண்டும். குழந்தையை அந்த நேரத்தில் வேறொருவர் எடுத்துக்கொள்வது நல்லது. கருவி அகச்சிவப்பு வகையாக இருந்தால் ஒளி கண்ணுக்கே தெரியாது. தெரியாததால் ஆபத்து இல்லை என்று எண்ணிவிட வேண்டாம்.

களிம்பு பூசிய காம்போடு போகாதீர்கள். களிம்பும் காய்ந்த பாலும் ஒளியை மறிக்கும். வெறும் தண்ணீரால் மெல்ல ஒற்றித் துடைத்தால் போதும். சோப்பு வேண்டாம், அது தோலை இன்னும் வறட்டும். வெயில் பட்டால் தோல் சிவக்கும் என்று எச்சரிக்கப்பட்ட மாத்திரை எதையாவது எடுத்துக்கொண்டிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எல்லா வலியும் வெடிப்பு வலி அல்ல என்பதையும் மறந்துவிடுகிறோம். பால் கொடுத்த பிறகு காம்பு வெளுத்து, பின் நீலமோ சிவப்போ ஆகித் துடித்தால், அது ரத்தக் குழாய் சுருங்குவதால் வருவது. உடனே கதகதப்பு கொடுத்தால் தணியும். மார்பு சிவந்து கட்டிப்போய்க் காய்ச்சலும் வந்தால், அல்லது புண்ணில் சீழ் வைத்தால், லேசருக்குக் காத்திராமல் மருத்துவரிடம் போங்கள். ஒரு பக்கக் காம்பில் மட்டும் செதில் செதிலாக உரிந்து, வாரக்கணக்கில் ஆறாத படை இருந்தால், அதன்மேல் ஒளி பாய்ச்சவே கூடாது. அரிதாக அது புற்றுநோயின் அடையாளமாக இருக்கும், முதலில் பரிசோதனை.

சிகிச்சை முடியும்வரை பால் கொடுக்கக் கூடாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்த ஒளி பாலில் எதையும் விட்டுச் செல்வதில்லை. வலி குறைந்த பக்கத்தில் முதலில் கொடுங்கள். ஒரு பக்கம் வாய் வைக்கவே முடியாத அளவு வலித்தால், அந்தப் பக்கத்துப் பாலைக் கையால் பீய்ச்சிச் சிறு கிண்ணத்தில் எடுத்துக் குழந்தைக்குப் புகட்டுங்கள். பால் கட்டாமலும் இருக்கும், சுரப்பும் குறையாது.